ஒரே பயணத்துக்கு எத்தனை சீட்டு?

"உங்களிடம் இருப்பது ஒரு சீட்டன்று, ஐயா. இரண்டு சீட்டுகள்."

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமையொன்றின் முற்பகலில், ஐரோப்பாவின் பெரியதொரு ரயில் நிலையத்தில், கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்த உத்தியோகத்தர் என்னிடம் சொன்ன வாசகம் இது. பண்பாகத்தான் சொன்னார். அதே வேளையில், இன்னொரு நாட்டின் நகரமொன்றில் என் பள்ளித் தோழனின் ஜனாஸா தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தது. நிந்தவூரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். போர்க்காலத்தில் கடல் கடந்து போனவன் அவன். நான் பத்திரிகைத் தொழிலோடு இங்கேயே இருந்துவிட்டேன். ஜேர்மனியில் என் சகோதரியின் மகன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோதுதான் அவன் மௌத்தான செய்தி வந்தது. பக்கத்து நாட்டுக்கு அப்பாலுள்ள நாடு; ரயிலில் சில மணிநேரப் பயணம். ஜும்ஆவுக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். போய்விடலாம் என்றே நினைத்தேன்.

அன்றிரவே மருமகன் கணினியின் முன் அமர்ந்து, ஒரே இணையத்தளத்தில், ஒரே அட்டையில், ஒரே தடவை பணம் செலுத்திப் பயணத்தை ஒழுங்கு செய்தான். ஒரே மின்னஞ்சல் வந்தது. அதில் இரண்டு ரயில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இடையில் நாற்பது நிமிட அவகாசம். முதல் ரயில் எழுபது நிமிடம் தாமதித்தது. இரண்டாவது ரயில் எனக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அடுத்த ரயிலில் ஏற்றிவிடுங்கள் என்றுதான் கேட்டேன். முதல் ரயில் ஒரு கம்பனியுடையது. இரண்டாவது ரயில் வேறொரு கம்பனியுடையது. சீட்டை விற்றதோ மூன்றாவது ஒரு கம்பனி. 84 யூரோவுக்கு வாங்கிய இரண்டாவது சீட்டு, குறித்த அந்த ரயிலுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். அது போய்விட்டதால் சீட்டும் போய்விட்டது. பிற்பகல் ரயிலில் எஞ்சியிருந்த ஆசனத்தின் விலை 190 யூரோ. அதை வாங்கிக்கொண்டு போனேன். மையவாடியை அடைந்தபோது இருட்டிவிட்டது. கபுறடியில் நின்று துஆ ஓதிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு மாதங்களின் பின் முதலாவது கம்பனியிடமிருந்து நட்டஈடு வந்தது. 6 யூரோ 75 சதம். 27 யூரோச் சீட்டின் காற்பங்கு. கணக்கில் பிழையில்லை. சட்டப்படியும் சரி.

சட்டப்படி சரி என்பதுதான் எனது முறைப்பாடு.

தாமதம் எந்த நாட்டிலும் நேரும். உதயதேவியில் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே வாழ்நாளின் ஒரு பகுதியைக் கழித்தவன் தாமதத்தைப் பற்றி ஐரோப்பியருக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. தாமதத்தின் பாரத்தை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் அநியாயம் இருக்கிறது. இரண்டு கம்பனிகள் ஓட்டுகின்றன, ஒரு கம்பனி விற்கிறது, மூவருக்கும் வருமானம். இடையில் அறுந்துபோனால் மாத்திரம் நட்டம் முழுவதும் பிரயாணிக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ரயில் பிரயாணிகளின் உரிமைகளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. 2021இல் திருத்தியமைக்கப்பட்டு 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மணிநேரம் முதல் இரண்டு மணிநேரத்துக்குட்பட்ட தாமதத்துக்குச் சீட்டு விலையில் 25 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 50 சதவீதம். முழுத் தூரத்துக்குமான ஒரே சீட்டு உங்களிடம் இருந்தால், இடையில் இணைப்பு தவறும்போது உங்களைப் போய்ச் சேர வைப்பது ரயில்காரரின் கடமை. இதுவரை நல்லது. ஆனால் அந்த ஒரே சீட்டை யார் கட்டாயமாக விற்க வேண்டும்? ஒரே கம்பனி ஓட்டும் ரயில்களுக்கு அந்தக் கம்பனி விற்க வேண்டும். இரண்டு நாட்டின் இரண்டு கம்பனிகள் என்றால் கட்டாயமில்லை. அதாவது, எல்லையைக் கடக்கும் பயணி எவனுக்கு இந்தச் சீட்டு அதிகமாகத் தேவையோ அவனுக்கு அது உரிமையாக இல்லை.

இன்னுமொரு பிரிவு இருக்கிறது. முகவரொருவர் பல சீட்டுகளைத் தாமாகவே இணைத்து ஒரே கொடுக்கல்வாங்கலில் விற்று, பின்னர் இணைப்பு தவறினால், முழுப் பணத்தையும் திருப்பித் தந்து அதற்கு மேல் 75 சதவீதம் நட்டஈடும் தர வேண்டுமாம். படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. அடுத்த பந்தியைப் படியுங்கள்: இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று வாங்குவதற்கு முன்பே அறிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே விற்பவர் செய்ய வேண்டியது ஒன்றே. பணம் செலுத்தும் பொத்தானுக்கு அருகே அந்த ஒரு வரியைப் போட்டுவிட வேண்டும். எனது மின்னஞ்சலிலும் அது இருந்தது. பின்னர்தான் தேடிக் கண்டுபிடித்தேன். சட்டம் ஒரு கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கள்வன் கையிலேயே கொடுத்திருக்கிறது.

ஐரோப்பா என்ன இயலாத கண்டமா? 1995 மார்ச்சில் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். பல நாடுகள் தத்தம் நாணயத்தையே கைவிட்டு யூரோவை ஏற்றன. கையடக்கத் தொலைபேசியோடு எல்லை தாண்டினால் அறவிட்டு வந்த மேலதிகக் கட்டணத்தை 2017இல் ஒழித்தார்கள். கடலுக்கடியில் ஐம்பது கிலோமீற்றர் சுரங்கம் தோண்டி 1994 நவம்பர் முதல் லண்டனையும் பாரிஸையும் பயணிகள் ரயிலால் இணைத்தார்கள். இத்தனையும் செய்தவர்களால் இரண்டு சீட்டை ஒன்றாக்க முடியவில்லை என்றால் அதை நம்புவதற்கு நான் ஆயத்தமாக இல்லை.

சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒவ்வொரு நாட்டின் கணினி முறைமையும் வேறு. முற்பதிவு திறக்கும் காலம் வேறு. கட்டண முறை வேறு. ஒன்றோடொன்று பேசா என்பது. விமானக் கம்பனிகளின் கணினிகள் எப்படிப் பேசுகின்றன? கட்டுநாயக்கவில் ஒரு கம்பனியின் விமானத்தில் ஏறி, வளைகுடாவில் இறங்கி, வேறொரு கம்பனியின் விமானத்தில் ஐரோப்பா போய்ச் சேர ஒரே சீட்டு வாங்குகிறோம். முதல் விமானம் தாமதித்தால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் தானாகவே மாறும். பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடு இது. ஆகாயத்தில் இயலும் கணக்கு, தண்டவாளத்தில் ஏன் இயலாது?

இரண்டாவது, முதற் கம்பனியின் தாமதத்துக்கு இரண்டாவது கம்பனி ஏன் நட்டப்பட வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை காண வேண்டியவர்கள் அந்த இரு கம்பனிகளும்தான். மாதமுடிவில் அமர்ந்து கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளட்டும். அவர்களிடம் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். நடைமேடையில் பையோடு நிற்கும் மனிதனிடம் ஒரு கையடக்கத் தொலைபேசி மாத்திரமே இருக்கிறது. பலமானவர்கள் இருவர் தமக்குள் தீர்க்க மறுக்கும் பிணக்கைப் பலவீனமானவன் தன் பணத்தால் தீர்த்து வைக்கிறான். அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் நல்லெண்ண ஏற்பாடு சில கம்பனிகளுக்கிடையே உண்டு என்பதையும் மறைக்கவில்லை. நல்லெண்ணம் உரிமையாகாது. உத்தியோகத்தரின் முகத்தைப் பார்த்து இரந்து பெறுவது அது. மொழி தெரிந்தவனுக்கு அது கிடைக்கும். என்போன்றவனுக்குக் கிடைப்பது அருமை.

மூன்றாவது, போட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. போட்டியால் சில பாதைகளில் சீட்டு விலை குறைந்தது உண்மை. ஆனால் கம்பனிகள் பெருகப் பெருக, இணைப்புகள் அறுபடும் இடங்களும் பெருகுகின்றன. அதற்குரிய பொறுப்பைச் சட்டம் முதலில் வரையறுத்திருக்க வேண்டும்.

ரயில் நிர்வாகங்கள் செய்யத் தவறியதை ஒரு தனிமனிதர் செய்திருக்கிறார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மார்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், முன்னர் ரயில்வேயில் கடமையாற்றியவர், 2001 முதல் தமது சொந்த இணையத்தளத்தில் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு எப்படிச் சீட்டு வாங்குவது என்று விளக்கி வருகிறார். நமது இலங்கை ரயில்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவரை வாழ்த்துவோம். ஆனால் ஒரு சீட்டு வாங்குவதற்கு ஒரு நிபுணரின் வழிகாட்டி நூல் வேண்டியிருப்பது அந்தக் கண்டத்துக்குப் பெருமையா?

இப்போது நமது பக்கத்துக்கு வருகிறேன். ஏனெனில் இந்தக் கேள்விக்கான விடை நம் கடலிலேயே ஒரு காலத்தில் மிதந்துகொண்டிருந்தது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில் வந்தது. இக்கரையில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் போனது. நடுவே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கடல். அதைக் கடக்க நீராவிக் கப்பல். கொழும்புக் கோட்டையில் ஒருவர் சென்னை எழும்பூர் வரைக்கும் ஒரே சீட்டை வாங்க முடிந்தது. ரயில், கப்பல், மீண்டும் ரயில். போட் மெயில் என்ற பெயர் தமிழ்நாட்டில் இன்றும் வழங்குவது அந்த நாட்களின் மிச்சமே.

ஒரே பேரரசுதானே, அதனால் இலகுவாக இருந்தது என்பீர்கள். முழு உண்மையன்று. இலங்கையை ஆண்ட நிர்வாகம் வேறு, இந்தியாவை ஆண்ட நிர்வாகம் வேறு. இங்கே அரசாங்க ரயில்வே. அங்கே தென்னிந்திய ரயில்வே கம்பனி. இங்கே அகலப் பாதை, அங்கே மீற்றர் பாதை. ஒரு பக்கத்துப் பெட்டி மறுபக்கத்தில் ஓடவே ஓடாது. நடுவில் கடல், இரு கரையிலும் சுங்கம். கணினி கிடையாது, தந்தியும் பேரேடும் மாத்திரம். அப்படியிருந்தும் ஓர் அட்டைத் துண்டில் முழுப் பயணத்தையும் அடக்கினார்கள். சீட்டுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை இரண்டு அலுவலகங்கள் தமக்குள் பார்த்துக்கொண்டன. பிரயாணி அதில் தலையிட வேண்டியிருக்கவில்லை.

என் உம்மாவின் வாப்பா அந்த வழியால் நாகூருக்குப் போய் வந்தவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரால் ஆண்டுதோறும் கொடியேறுவதை இப்பகுதி மக்கள் அறிவர். மட்டக்களப்பில் ரயிலேறி, மாகோவில் மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போய், கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, பின்னர் தஞ்சாவூர்ப் பக்கமாக நாகூர் சேர்ந்த கதையை அவர் பலமுறை சொன்னதாக உம்மா கூறுவார். கடல் கொந்தளித்ததைச் சொல்வாராம், வாந்தி எடுத்ததைச் சொல்வாராம். இடையில் ரயில் போய்விட்டதே, என் காசு போய்விட்டதே என்ற முறைப்பாடு மட்டும் அந்தக் கதையில் இருந்ததில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நான் பாடவில்லை. அதே பாதையில்தான் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கனவான்கள் சீட்டோடு நேரே போக, அவர்கள் மண்டபம் முகாமில் தொற்றுத் தடுப்பென்று நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பயணிகளோடு வந்த ரயிலொன்றையும் கொண்டுபோனது. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய இராமானுஜம் கப்பலில், அந்தத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் திரும்பி வராத பயணம் போனார்கள். போரோடு 1984இல் அதுவும் நின்றது. ஒரே சீட்டு என்பது நீதியின் முழு வடிவம் என்று நான் வாதிடவில்லை. தொழில்நுட்பம் போதாது என்று இன்று சொல்பவர்களின் வாயை அடைக்க அந்த அட்டைத் துண்டு போதும் என்பதுதான் வாதம். தேயிலைக்கு ஆள் வேண்டும், சென்னைக்கு வியாபாரம் வேண்டும் என்று ஆட்சியாளர் விரும்பினார்கள், முடிந்தது. இன்று பிரயாணிக்கு வேண்டும், முடியவில்லை. வித்தியாசம் விருப்பத்தில் இருக்கிறது.

இந்த வாதத்தை நம்மை நோக்கித் திருப்பாமல் விட்டால் அது நேர்மையாகாது.

2023 ஜூலையில் இந்தியப் பிரதமரும் அப்போதைய இலங்கை ஜனாதிபதியும் வெளியிட்ட ஆவணத்தில் நாகபட்டினம் - காங்கேசன்துறை, இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் சேவைகள் பற்றிப் பேசப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 14இல் காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. பருவமழையைக் காரணங்காட்டிச் சில நாட்களில் நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் தொடங்கியது. தலைமன்னார் ரயில் பாதை 2015இலேயே புனரமைத்துத் திறக்கப்பட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாலம் திறக்க வருகிறார்கள், கொடியசைக்கிறார்கள், புகைப்படம் வருகிறது. நானும் அந்தச் செய்திகளுக்குத் தலைப்பிட்டவன்தான். சீட்டைப் பற்றி எவரும் பேசியதை நான் கேட்கவில்லை.

நிந்தவூரிலிருந்து ஒருவர் இன்று நாகூருக்குப் போக நினைத்தால் எண்ணிப் பாருங்கள். எங்கள் கரையோரத்துக்கு ரயில் இல்லை. மட்டக்களப்பு வரை பஸ். அங்கிருந்து மாகோவுக்கு ரயில். மாகோவிலிருந்து வடக்கே காங்கேசன்துறைக்கு இன்னொரு ரயில். பின்னர் கப்பல். நாகபட்டினத்தில் இறங்கிய பின் அங்கிருந்து நாகூருக்கு மற்றுமொரு வாகனம். ஒவ்வொன்றும் தனித்தனிச் சீட்டு, தனித்தனிக் கை. கடல் கொந்தளித்துக் கப்பல் நிறுத்தப்பட்டால் கப்பற் பணம் திரும்பலாம். மற்றவற்றுக்கு யார் பொறுப்பு? என் உம்மாவின் வாப்பா போன பாதையைவிடக் கிட்டிய கடற்பாதை இன்று நாகூரின் வாசலுக்கே போகிறது. பயணம் மட்டும் அன்றையதைவிடத் துண்டு துண்டாக இருக்கிறது.

கடல் கடப்பதை விடுங்கள். நிந்தவூரிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒரு நோயாளி, மாதத்துக்கு முன்பே ரயிலில் ஆசனத்தைப் பதிவு செய்கிறார். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பஸ் பழுதடைகிறது. ரயில் போய்விட்டது; ஆசனமும் போய்விட்டது. இ.போ.சபையும் ரயில்வே திணைக்களமும் ஒரே போக்குவரத்து அமைச்சின் கீழ் இருப்பவை. ஐரோப்பாவில் இரண்டு நாடுகளின் இரண்டு கம்பனிகள் செய்யும் அதே காரியத்தை, இங்கே ஓர் அமைச்சின் இரண்டு கைகள் செய்கின்றன. ரயில் பாதையை அம்பாறைக் கரையோரத்துக்கு நீட்டுங்கள் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாதை வரும்வரை நிந்தவூரிலிருந்து கோட்டை வரை பஸ்ஸும் ரயிலும் சேர்ந்த ஒரே சீட்டைத் தர மலையைக் குடைய வேண்டியதில்லை. பாலம் கட்ட வேண்டியதில்லை. இரு அலுவலகங்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஹம் காமாட்சி அம்மன் தேருக்கும், சூரிச் கல்யாணத்துக்கும், பாரிஸ் மரணவீட்டுக்கும் எல்லை கடந்து போய்வருபவர்கள் நீங்கள். இயன்றவரை முழுத் தூரத்துக்கும் ஒரே ஒப்பந்தமான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "தனித்தனி ஒப்பந்தங்கள்" என்ற வரி இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் தேடுங்கள். இருந்தால் இணைப்புக்கு இரண்டு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள். தாமதமானால் அதை அந்த நிலையத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களில் பலர் அந்நாடுகளின் பிரசைகள், வாக்காளர்கள். 2024 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவி ஊர்சுலா வொன் டெர் லையன் தமது இரண்டாவது தவணைக்கான கொள்கை அறிக்கையில், ஒரே தளத்தில் ஒரே சீட்டு, பயணம் முழுவதற்கும் உரிமை என்று வாக்களித்திருக்கிறார். அந்த வாக்குறுதியை உங்கள் பிரதிநிதிகளிடம் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விடயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே தடவை பணம் கட்டினால் அது ஒரே ஒப்பந்தம். இணைப்பு தவறினால் எந்தக் கம்பனியாயினும் அடுத்த ரயிலில் இடம். "இவை தனித்தனி" என்ற ஒரு வரியால் எவரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது.

அந்த உத்தியோகத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லித் தந்ததை அவர் சொன்னார். நான் வாங்கியது இரண்டு சீட்டுகள் என்பது அவருடைய கணக்கு. நான் புறப்பட்டது ஒரே பயணம். ஒரு ஜனாஸாவுக்கான பயணம். அதற்கு இரண்டாவது தவணை கிடையாது.